காத்து போடற ரோடு

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். போன மாசம் கொஞ்சம் ஓய்வு கிடைச்சுது, சும்மா இருக்காம ஒரு புரோகிராம் எழுத உக்காந்தேன். அது எங்கெங்கயோ இழுத்துட்டுப் போயி, கடைசில இவ்வளவு பெரிய பதிவுல வந்து நிக்குது. நீளம் ஜாஸ்தி, ஒரு டீ எடுத்து வச்சுக்கிட்டு படிங்க :-)

எல்லாத்துக்கும் ஆரம்பம் ஒரு செய்தி. 2020 பிப்ரவரி 8 ராத்திரி நியூயார்க்ல இருந்து கிளம்பின பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 ஒண்ணு, 4 மணி 56 நிமிஷத்துல லண்டன்ல இறங்கிடுச்சு. சாதாரணமா ஆறு, ஆறரை மணி நேரம் ஆகற பயணம். அப்போ சியாரா புயல் அட்லாண்டிக்கைக் கடந்துகிட்டு இருந்துது. மேல ஓடற ஜெட் ஸ்ட்ரீம் காத்து விமானத்தைப் பின்னாலேருந்து தள்ள, தரையைப் பொறுத்த வேகம் ஒரு கட்டத்துல மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டிடுச்சு. ஒலியை மிஞ்சிடுச்சான்னு கேக்காதீங்க. தன்னைச் சுத்தி இருக்கற காத்தைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்துலதான் போச்சு. ஆத்துல போற பரிசல் மாதிரி, ஆறே சேர்ந்து ஓடுச்சு, அவ்வளவுதான்.

இதை வீட்டுல சொன்னப்ப அப்பா ஒரு கேள்வி கேட்டார். அப்பா அரசு பஸ்ல டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். பாதி சர்வீஸ் வத்தலக்குண்டு - கொடைக்கானல் மலை ரோட்டுல.

"காத்து அப்படித் தள்ளுதுன்னா எல்லா பிளேனும் அது மேலயே ஏறிப் போக வேண்டியதுதானே தம்பி? ஆகாசத்துல என்ன, ரோடா போட்டு வச்சிருக்கான்?"

"ஆமாப்பா, போட்டுத்தான் வச்சிருக்காங்க."

"எதுக்கு?"

எதுக்குன்னு எனக்கு முழுசா சொல்லத் தெரியல. அந்த "எதுக்கு"தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு கணக்கு

நியூயார்க் - லண்டன் நேர்தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர். விமானத்தோட வேகம் மணிக்கு 900-ன்னு வச்சுக்குவோம். காத்தே இல்லன்னா ஒரு வழிக்கு 6.16 மணி, போக வர 12.3 மணி. இப்போ வழி முழுக்க மேற்கேயிருந்து கிழக்கா 150 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிக்குதுன்னு வைங்க. போகும்போது 1,050 வேகம், 5.28 மணி. திரும்பும்போது 750 வேகம், 7.39 மணி. கூட்டினா 12.67. அதாவது போகும்போது காத்து கொடுத்ததை விட, வரும்போது அது பிடுங்கினது ஜாஸ்தி. எதிர்காத்துல நாம அதிக நேரம் மாட்டிக்கிறோம் இல்லையா, அதனால.

அப்போ லாபம் எப்படிப் பாக்கறது? போகும்போது காத்தைத் தேடிப் போகணும். வரும்போது அதை விட்டு விலகி வரணும். உலக உருண்டைல மிகக் குறைஞ்ச தூரம் போற வழி ஒண்ணு, மிகக் குறைஞ்ச எரிபொருள்ல போற வழி வேற ஒண்ணு. ரெண்டாவது வழி தினமும் மாறும், ஏன்னா காத்து தினமும் மாறும்.

இன்னொரு விஷயம். விமானம் தூக்கிட்டுப் போற எரிபொருளைத் தூக்கவே எரிபொருள் வேணும். நீண்ட தூரப் பயணத்துல, கூடுதலா ஏத்தற எரிபொருள்ல மணிக்கு 3-லேருந்து 4 சதவீதம் அதைச் சுமக்கவே செலவாகிடும். அதனால வழில மிச்சம் பிடிக்கற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் வட்டி உண்டு. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிஞ்சா சுமார் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிய வரும், அந்தக் கணக்கும் தனியா இருக்கு.

யாரும் படிக்காத ஒரு அறிக்கை

அந்த உயரத்துல அப்படி ஒரு காத்து ஓடுதுங்கறதை முதல்ல ஒழுங்கா அளந்தவர்னு வாசாபுரோ ஓய்ஷியைச் சொல்லணும். ஜப்பான்ல தாதெனோ வானிலை ஆய்வுக்கூடத்தோட தலைவர். 1923-லேருந்து பலூன்களை விட்டு, தியோடலைட் வழியா அதைத் துரத்தித் துரத்திக் கணக்கெடுத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பலூன்கள். குளிர்காலத்துல ஒன்பது கிலோமீட்டர் உயரத்துல காத்து வினாடிக்கு 70 மீட்டர், அதாவது மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்துல ஓடறதைப் பாத்தார்.

1926-ல அறிக்கை வெளியிட்டார். உலகத்துல எல்லாருக்கும் புரியணும்னு ஆசைப்பட்டு அதை எழுதின மொழி எஸ்பெராண்டோ! உலகப் பொதுமொழியா வரும்னு அவர் நம்பின மொழி. ஜப்பானுக்கு வெளிய அதைக் கவனிச்சவங்க ரொம்பக் குறைவு. தமிழ்ல அறிவியல் எழுதிட்டு, மூணு பின்னூட்டத்துக்குக் காத்துக் கிடக்கற நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு அவரோட மனசு நல்லாவே புரியும் :-(

சிரிச்சுட்டுப் போயிடலாம், ஆனா அதுக்கு அப்புறம் நடந்தது சிரிப்பு இல்ல. 1944 நவம்பர்ல டோக்கியோ மேல குண்டு போடப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் இந்தக் காத்துல மாட்டி, குண்டுகள் இலக்கு தவறி எங்கெங்கயோ விழுந்துது. அதே மாசம் ஜப்பான் அந்தக் காத்துலயே வெடிகுண்டு கட்டின பலூன்களைப் பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்கு அனுப்ப ஆரம்பிச்சுது. 1945 ஏப்ரல் வரைக்கும் சுமார் 9,000 பலூன்கள். 1945 மே 5-ஆம் தேதி ஓரிகன் மாநிலத்துல, காட்டுல விழுந்து கிடந்த அப்படி ஒரு குண்டு வெடிச்சு, சுற்றுலா வந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அஞ்சு பிள்ளைகளும் செத்துப்போனாங்க.

போர் முடிஞ்ச பிறகும் எல்லாருக்கும் பாடம் போய்ச் சேரல. 1947 ஆகஸ்ட் 2. 'ஸ்டார் டஸ்ட்'ங்கற பிரிட்டிஷ் பயணிகள் விமானம் பியூனஸ் அயர்ஸ்ல இருந்து சாந்தியாகோவுக்குப் போச்சு. நடுவுல ஆண்டிஸ் மலை. மேகத்துக்கு மேல பறந்ததால தரை தெரியல. மலையைத் தாண்டிட்டோம்னு கணக்குப் போட்டு இறங்க ஆரம்பிச்சாங்க. ஆனா தாண்டல. துபுங்காத்தோ மலைல மோதி 11 பேரும் இறந்தாங்க. உடைஞ்ச பாகங்கள் பனிக்குள்ள புதைஞ்சு, 1998-லதான் மலையேறிகள் கண்ணுக்குக் கிடைச்சுது. ஜெட் ஸ்ட்ரீம் எதிர்காத்து அவங்களைப் பின்னாடி பிடிச்சு இழுத்திருக்கணும், அவங்க கணக்குல அந்தக் காத்தே இல்லங்கறதுதான் இன்னிக்குப் பரவலா ஏத்துக்கிட்ட விளக்கம்.

1952 நவம்பர்ல பான் அமெரிக்கன் நிறுவனம் டோக்கியோ - ஹொனலுலு விமானத்தை வேணும்னே இந்தக் காத்து மேல ஏத்தி விட்டுது. 18 மணி நேரப் பயணம் பதினொண்ணரை மணி நேரமாச்சு. அதுக்கப்புறம் எல்லா விமானக் கம்பெனிக்கும் கண் தொறந்துடுச்சு.

செர்மெலோவும் பென்சிலும்

காத்து இடத்துக்கு இடம் மாறுது. ஒரே வேகத்துல போற வண்டி, எந்தத் திசைல திரும்பித் திரும்பிப் போனா சீக்கிரம் போய்ச் சேரும்? 1931-லயே இந்தக் கேள்வியை எடுத்து விடை எழுதிட்டார் ஒரு ஜெர்மன் கணித மேதை, எர்ன்ஸ்ட் செர்மெலோ. கணக் கோட்பாடு படிச்சவங்களுக்குப் பரிச்சயமான பேர். எஞ்சினியரிங்ல மூணாவது செமஸ்டர்ல டிஸ்க்ரீட் மேத்ஸ் பேப்பர்ல அவர் பேரை மனப்பாடம் பண்ணினேன், அதே ஆள் ஆகாயக்கப்பலுக்கு வழி சொன்னவர்னு இப்பத்தான் தெரியும்.

அவரோட விடைல அழகான ஒரு சமாச்சாரம் இருக்கு. நீங்க எவ்வளவு திரும்பணும்ங்கறது காத்து எவ்வளவு பலமா அடிக்குதுங்கறதை வச்சு இல்ல. பக்கத்துல போகப் போக அது எப்படி மாறுதுங்கறதை வச்சு. எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி புயல் அடிச்சா, ஒரே திசைல மூக்கை வச்சு நேரா போயிடலாம். இந்தப் பக்கம் பலமாவும் அந்தப் பக்கம் மெதுவாவும் இருந்தாத்தான் வளைஞ்சு போறதுல லாபம்.

கம்ப்யூட்டர் வராத காலத்துல இதை வரைபடத்துல பென்சில் வச்சு போட்டாங்க. கிளம்பின இடத்துல இருந்து எல்லாத் திசைலயும் ஒரு மணி நேரத்துல எங்க போக முடியும்னு புள்ளி வச்சு ஒரு கோடு. அந்தக் கோட்டுல இருந்து அடுத்த ஒரு மணி நேரத்துக்கு இன்னொரு கோடு. குளத்துல கல்லு போட்டா அலை விரியுமே, அது மாதிரி, ஆனா காத்து அடிக்கற பக்கம் பிதுங்கின அலை. எந்த அலை போற ஊரை முதல்ல தொடுதோ, அங்கேருந்து பின்னாடி பிடிச்சுட்டு வந்தா வழி கிடைச்சுடும். 1960-கள்ல இந்த வேலை கம்ப்யூட்டருக்குப் போச்சு.

நான் எழுதினதும் அதே அலை முறைதான். கட்டம் கட்டமா அட்லாண்டிக், ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு காத்து, ஒரு விமானம். ரன் பண்ணினேன். கிழக்கே போற விமானம் ஜெட் ஸ்ட்ரீமைத் தேடிப் போய் அது மேல உக்காந்துகிச்சு. மேற்கே வர்றது வடக்கே ஒதுங்கி கிரீன்லாந்துப் பக்கம் வளைஞ்சு வந்துது. பெருமை தாங்கல. அப்பாவைக் கூப்பிட்டுக் காமிச்சேன்.

"நல்லா இருக்கு. ஒரு வண்டிதானா?" அப்படின்னார்.

சரின்னு 200 விமானம் விட்டேன். 200-ம் ஒண்ணு மேல ஒண்ணா, ஒரே கயிறு மாதிரி அதே கோட்டுல போச்சு. எல்லாருக்கும் ஒரே காத்து, ஒரே மாதிரி வண்டி, ஒரே நேரத்துல கிளம்பறது. அப்போ விடையும் ஒண்ணாத்தானே இருக்கும்! ஆளாளுக்கு இஷ்டமான வழில போன்னு அவுத்து விட்டா, எல்லாரோட இஷ்டமும் ஒரே இடம்.

நிஜத்துலயும் அப்படித்தான். அமெரிக்கால சாயங்காலம் ஏறி ஐரோப்பால காலைல இறங்கணும், திரும்பும்போது ஐரோப்பால காலைல ஏறணும்னு பயணிகள் நினைக்கறாங்க. அதனால ராத்திரி கிழக்கே ஒரு வெள்ளம், பகல்ல மேற்கே ஒரு வெள்ளம்.

கண்ணு தெரியாத மலை ரோடு

இப்போ அப்பாவோட "எதுக்கு"க்கு வருவோம். ரேடார் கடற்கரைல இருந்து சுமார் 200, 250 கடல் மைல் வரைக்கும்தான் எட்டும். அதைத் தாண்டினா கண்ட்ரோலருக்கு விமானம் கண்ணுல படாது. கொரகொரன்னு கேக்கற ஹெச்எஃப் ரேடியோல, பத்து டிகிரி தீர்க்க ரேகைக்கு ஒரு தடவை விமானி "இங்க இருக்கேன், இந்த நேரம், அடுத்த இடத்துக்கு இத்தனை மணிக்கு வருவேன்"னு சொல்லுவார். அதை ரேடியோ ஆபரேட்டர் எழுதி கண்ட்ரோலருக்கு அனுப்புவார். விமானி சொல்ற இடமே சரியான்னு நிச்சயம் இல்ல. அந்தக் காலத்து இனர்ஷியல் கருவிகள் ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணு ரெண்டு மைல் விலகிடும்.

இதை அப்பாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கல. "வளைவுல எதிர்ல என்ன வருதுன்னு தெரியாது. ஹாரன் அடிச்சுட்டு, எதிர்ல ஒருத்தன் வர்றான்னே நெனச்சு ஒதுங்கித்தான் போகணும்"னார். அதேதான். பக்கவாட்டுல 120 கடல் மைல், மேல கீழ 2,000 அடி, முன்னாடி பின்னாடி கால் மணி நேரம்னு இடைவெளி விட்டுத்தான் பறக்கணும்னு வச்சாங்க. எவ்வளவு இடைவெளி விட்டா மோதற வாய்ப்பு எவ்வளவு குறையும்னு 1960-கள்ல பிரிட்டன்ல பீட்டர் ரைக்ங்கறவர் ஒரு நிகழ்தகவுக் கணக்கைப் போட்டுக் கொடுத்தார். அதுக்கப்புறம் இடைவெளியைக் குறைக்கறதா இருந்தா எல்லாரும் அந்தக் கணக்கைத்தான் திறந்து பாத்தாங்க.

இவ்வளவு பெரிய இடைவெளி விட்டு, எல்லாருக்கும் பிடிச்ச அந்த ஒரு கோட்டுல எத்தனை பேரை அடைக்க முடியும்? அதுக்கு வந்த தீர்வுதான் 1960-கள்ல ஆரம்பிச்ச வட அட்லாண்டிக் தடங்கள். தினமும் ரெண்டு தடவை, புதுக் காத்துக் கணிப்பை வச்சு, அஞ்சாறு இணையான பாதைகளைப் புதுசா போடுவாங்க. ராத்திரி கிழக்கே போறதுக்கு கனடால இருக்கற கேண்டர் போடும். பகல்ல மேற்கே வர்றதுக்கு ஷான்விக் போடும். ஷான்விக்னு ஒரு ஊர் கிடையாது. ஷானன், பிரெஸ்ட்விக் ரெண்டையும் ஒட்ட வச்ச பேர். கம்பெனிகள் எங்களுக்கு இந்த வழி வேணும்னு முன்னாடியே சொல்லும். நடு வழி நல்ல காத்துல இருக்கும். ஓரத்துல கிடைச்சவனுக்கு அதிர்ஷ்டம் கம்மி.

ஒரு கணம் யோசிச்சா இது ரொம்ப சாமர்த்தியமான சமரசம். நிரந்தரமான ரோடும் இல்ல, இஷ்டத்துக்குப் போறதும் இல்ல. தினமும் காலைலயும் சாயங்காலமும் அழிச்சுட்டு மறுபடி போடற கோலம்.

ஒரு கோடு தப்பினா

எல்லா இடத்துலயும் இப்படி மாத்திப் போடல. வட பசிபிக்ல அலாஸ்காவுக்கும் ஜப்பானுக்கும் நடுவுல அஞ்சு நிரந்தரப் பாதைகள். அதுல வடக்கு ஓரமா இருந்தது ரோமியோ 20. சோவியத் எல்லையை ஒட்டிப் போற பாதை.

1983 ஆகஸ்ட் 31, ஆங்கரேஜ்ல இருந்து சியோலுக்குக் கிளம்பின கொரியன் ஏர் லைன்ஸ் 007 அந்தப் பாதைலதான் போயிருக்கணும். ஆட்டோபைலட் வழிகாட்டிக் கருவியோட இணையாம, ஒரே திசையைப் பிடிச்சுட்டுப் போயிருக்கு. விமானிகளுக்குத் தெரியல. கண்ட்ரோலருக்குத் தெரிய வழியே இல்ல. கொஞ்சம் கொஞ்சமா விலகி கம்சாத்கா மேல பறந்து, சகாலின் பக்கத்துல செப்டம்பர் 1-ஆம் தேதி சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்திச்சு. 269 பேர். ஒருத்தர் கூடப் பிழைக்கல.

இதைப் படிச்ச அன்னிக்கு என்னோட புரோகிராமை மூடி வச்சுட்டேன். திரைல ஒரு புள்ளி நாலு கட்டம் தள்ளிப் போனா நமக்கு அது ஒரு 'பக்'. அங்க அப்படி இல்ல. சிமுலேஷன் எழுதற எல்லாரும் ஒரு தடவையாவது இதை நினைச்சுப் பாக்கணும்னு தோணுச்சு.

அந்தச் சம்பவம் நடந்த ரெண்டு வாரத்துல, ஜிபிஎஸ் தயாரானதும் அதைப் பொதுமக்கள் விமானங்களுக்கும் தருவோம்னு அமெரிக்க அதிபர் ரீகனோட அரசு அறிவிச்சுது. 1995-ல ஜிபிஎஸ் முழுசா செயல்பாட்டுக்கு வந்துது. கோடு தப்பினதால போன உயிர்களுக்காக வந்த அறிவிப்பு. கோடே இல்லாமப் பறக்க அடித்தளமும் அந்த ஜிபிஎஸ்தான்.

தெற்கே ஆரம்பிச்ச விடுதலை

அதே 1995-ல தென் பசிபிக்ல போயிங் 747-400 விமானங்கள்ல ஒரு புதுக் கருவித் தொகுப்பு வேலைக்கு வந்துது. விமானம் தன்னோட இடத்தைத் தானே செயற்கைக்கோள் வழியா அனுப்பும். விமானியும் கண்ட்ரோலரும் கொரகொர ரேடியோவை விட்டுட்டு எழுத்துல செய்தி அனுப்பிக்கலாம். நம்ம பாஷைல எஸ்எம்எஸ் :-)

தென் பசிபிக்ல விமானங்கள் குறைவு, தூரம் ரொம்ப ஜாஸ்தி. நெரிசல் பயம் இல்ல, மிச்சம் பிடிக்க நிறைய இருக்கு. அதனால 2000-களோட தொடக்கத்துல அங்கதான் முதல்ல "உன் வழியை நீயே போட்டுக்கோ"ங்கற முறை வேர் பிடிச்சுது. கம்பெனியோட கம்ப்யூட்டர் அன்னிக்குக் காத்துக்கு எது சிறந்ததோ அதை அனுப்பும், கண்ட்ரோலர் சிக்கல் இருக்கான்னு பாத்து ஓகே பண்ணுவார். அடுத்த கட்டம், பறக்கும்போதே வழியை மாத்தறது. காத்துக் கணிப்பு ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை புதுசா வருது. 13 மணி நேரப் பயணத்துல ரெண்டு தடவை புதுக் கணிப்பு கிடைக்கும். கிளம்பும்போது போட்ட வழியையே ஏன் பிடிச்சுத் தொங்கணும்?

2008 செப்டம்பர்ல ஏர் நியூசிலாந்து ஆக்லாந்து - சான் பிரான்சிஸ்கோ விமானம் ஒண்ணுல இதையெல்லாம் ஒண்ணா சேர்த்துப் பறந்து காமிச்சாங்க. ஒரே பயணத்துல 4,000 லிட்டருக்கு மேல மிச்சம். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்து அதுக்கு ஆஸ்பயர்னு பேர் வச்சிருந்தாங்க. 2011-ல இந்தியப் பெருங்கடலுக்கும் இன்ஸ்பயர்னு ஒண்ணு வந்துது. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்காவோட நம்ம இந்திய விமான நிலைய ஆணையமும் அதுல சேர்ந்துது. வங்காள விரிகுடாவோட பெரிய பகுதியை ஆகாயத்துல கவனிச்சுக்கறது சென்னைக் கண்ட்ரோல்தான். "மீனம்பாக்கத்துல உக்காந்துகிட்டா?"ன்னு அப்பா வாயைப் பொளந்தார்.

கம்ப்யூட்டருக்குள்ள ஒரு அட்லாண்டிக்

நெரிசலான அட்லாண்டிக்ல அப்படி அவுத்து விட முடியுமா? நிஜத்துல சோதிச்சுப் பாக்க முடியாது. அதனால சிமுலேஷன். நாசாவோட ஏம்ஸ் ஆய்வு மையத்துல ஃபேசட்னு ஒரு மென்பொருள் உண்டு. 2006-ல நாசாவோட சிறந்த மென்பொருள் விருது வாங்கினது. பாணாவர் ஸ்ரீதர் தலைமைல இயங்கின குழு, பிரான்ஸ்ல துலூஸ் ஆய்வாளர்களோடயும் சேர்ந்து 2010-கள்ல இந்தக் கேள்வியை எடுத்துகிட்டாங்க. முறை புரிஞ்சுக்க சுலபம். ஒரு நாள் நிஜமா பறந்த விமானங்களை எல்லாம் உள்ள ஏத்து. அன்னிக்கு நிஜமா அடிச்ச காத்தை ஏத்து. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா சிறந்த வழி கண்டுபிடி. அப்புறம் எந்த ரெண்டு விமானம் எங்க நெருங்குதுன்னு எண்ணு.

எண்ணினா என் 200 விமானக் கயிறு கதைதான், ஏகப்பட்ட உரசல். ஆனா அவங்க அங்க நிறுத்தல. ஒருத்தரை சில நிமிஷம் தாமதமாக் கிளப்பு, இன்னொருத்தர் வழியைக் கொஞ்சம் வளை. லட்சக்கணக்கான இப்படிச் சின்னச் சின்ன மாற்றங்கள்ல எந்தக் கூட்டணி சரிவரும்னு கம்ப்யூட்டரைத் தேட விட்டா, உரசல்ல பெரும்பகுதி தீர்ந்துடுது, காத்துல கிடைச்ச லாபமும் அதிகம் போகல. விடுதலைக்கும் ஒழுங்குக்கும் நடுவுல நாம நினைச்சதை விட நிறைய இடம் இருக்கு.

2021-ல பிரிட்டன்ல ரெடிங் பல்கலைக்கழகக் குழு இன்னொரு கணக்கு போட்டுது. 2019 டிசம்பர்ல இருந்து 2020 பிப்ரவரி வரை 91 நாள், நியூயார்க் - லண்டன். நிஜமா பறந்த வழியையும் காத்துக்கேத்த சிறந்த வழியையும் ஒப்பிட்டாங்க. சராசரியா கிழக்கே 1.7 சதவீதம், மேற்கே 2.5 சதவீதம் மிச்சம் பிடிக்கலாம். மோசமான வழில போன சில பயணங்கள்ல 16 சதவீதம் வரைக்கும். ஒரே உயரம், ஒரே வேகம், ஒவ்வொரு விமானமும் தனி ஆள்ங்கற எளிமையான கணக்கு அது. அப்பா கேட்ட "ஒரு வண்டிதானா?"வை இங்கயும் கேக்கணும்.

ரெண்டு சதவீதம் எல்லாம் ஒரு பெரிய விஷயமான்னு கேக்கலாம். அட்லாண்டிக்ல பெருந்தொற்றுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு 1,300-க்கு மேல விமானம் பறந்துது. புது எஞ்சின் வேணாம், புது விமானம் வேணாம். வழியை மட்டும் மாத்தினா கிடைக்கற ரெண்டு சதவீதம் அது.

கண்ணு தெரிஞ்ச பிறகு

நிஜ உலகமும் சும்மா இல்ல. 1997-ல மேல கீழ இடைவெளி 2,000 அடியிலேருந்து 1,000 அடியாச்சு. 120 கடல் மைல் 60 ஆச்சு, 2015-க்கு அப்புறம் சில தடங்களுக்கு நடுவுல அதுவும் பாதியாச்சு. 2019 ஏப்ரல்ல பெரிய மாற்றம். இரிடியம் நிறுவனத்தோட 66 செயற்கைக்கோள்கள்ல ஏறின ஏரியான் கருவிகள் வழியா, நடுக்கடல் விமானமும் கண்ட்ரோலருக்குச் சில வினாடிக்கு ஒரு தடவை தெரிய ஆரம்பிச்சுது. முன்னாடி பின்னாடி இடைவெளி 14 கடல் மைல் வரைக்கும் இறங்கிச்சு. மலை ரோட்டுல ஒவ்வொரு வளைவுலயும் கண்ணாடி வச்ச மாதிரி.

அடுத்த வருஷம் கொரோனா. ஆகாயம் காலியாச்சு. காலியான ரோட்டுக்குக் கோடு எதுக்குன்னு 2021-ல சில நாள் தடங்களே போடாம விட்டுப் பாத்தாங்க. யாரும் எழுதத் துணியாத சோதனையை அந்தப் பாழாப்போன கிருமி நடத்திக் கொடுத்துது. 2022 மார்ச்ல இருந்து 33,000 அடிலயும் அதுக்குக் கீழயும் தடங்கள் கிடையாது. அதுக்கு மேல, கூட்டம் இருக்கற இடத்துல, கோலம் போடறது தொடருது.

கதை முடிஞ்சுதுன்னு பாத்தா ஒரு திருப்பம். விமானம் விட்டுட்டுப் போற வெள்ளைப் புகைக்கோடும் பூமியைச் சூடாக்குது. 2023-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸும் கூகுளும் சேர்ந்து 70 சோதனைப் பயணத்துல, புகைக்கோடு உருவாகற காத்து அடுக்குகளைத் தவிர்த்து உயரத்தை மாத்திப் பறந்தாங்க. புகைக்கோடு 54 சதவீதம் குறைஞ்சுது. அந்தப் பயணங்கள்ல எரிபொருள் 2 சதவீதம் கூடுதலாச்சு. எந்த ரெண்டு சதவீதத்துக்கு இத்தனை பாடுபட்டாங்களோ, அதே ரெண்டு சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கறது சரியா இருக்கலாம்ங்கற இடத்துக்கு வந்து நிக்குது கணக்கு. "சிறந்த வழி"ன்னா யாருக்குச் சிறந்ததுன்னு மறுபடி முதல்லேருந்து கேக்கணும்.

எல்லாத்தையும் அப்பாகிட்ட சொல்லி முடிச்சேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தவர், "நான் ஓட்டினப்ப மழை வந்தா பெருமாள் மலைப்பக்கம் நின்னு, மேலேருந்து இறங்கற வண்டிக்காரன்கிட்ட ரோடு எப்படி இருக்குன்னு கேட்டுட்டுத்தான் ஏறுவோம். அவனுங்களும் இப்பத்தான் அதைக் கத்துகிட்டானுங்களா?"ன்னார்.

என் புரோகிராம்ல இப்போ 200 விமானமும் ஒண்ணை ஒண்ணு கேட்டுட்டுப் போகற மாதிரி மாத்திட்டு இருக்கேன். இன்னும் மோதிக்குது. பாக்கலாம்.

கொசுறு: அட்லாண்டிக்ல நிரந்தரப் பாதைலயே பறந்த ராஜா கான்கார்டு. அது பறந்த 50,000 - 60,000 அடி உயரத்துல காத்தோட பாதிப்பு ரொம்பக் குறைவு. அதனால தினமும் வழி மாத்தற தலைவலி இல்ல. 2003-ல அது ஓய்வுக்குப் போச்சு.

டிஸ்கி: அடியேன் விமானியும் இல்ல, கண்ட்ரோலரும் இல்ல, வெறும் பொட்டி தட்டற ஆள். அந்தத் துறைல இருக்கறவங்க யாராச்சும் படிச்சா, தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, திருத்திக்கறேன். உங்க வீட்டுல இந்த மாதிரி ஒரே கேள்வில புரோகிராமைக் கவுக்கற ஆள் இருந்தா, அதையும் எழுதுங்க.